அதிர்வெண் கூடினால் அலை சுமக்கும் ஆற்றலும் கூடுமா?

ஜூன் 3, காலை: வாசகர் ஒருவரின் கேள்வி

"அலையின் ஆற்றல் அதன் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பாடநூலின் ஓர் அத்தியாயம் சொல்கிறது. ஆற்றல் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று அதே நூலின் இன்னோர் அத்தியாயம், பிளாங்க் மாறிலியைக் காட்டிச் சொல்கிறது. என் கருத்து இது: இரண்டாவது விதியே அடிப்படையானது. எந்த அலையாக இருந்தாலும் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் அது சுமக்கும் ஆற்றலும் இரட்டிப்பாகும். இதில் தவறு உண்டா?"

ஜூன் 3, இரவு

தவறு உண்டு. ஆனால் இது மிக இயல்பாக வரும் தவறு என்பதால் சற்றுப் பொறுமையாகப் பார்க்கலாம். பிளாங்க் மாறிலி வரும் சமன்பாடு ஒரே ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளியின் ஒரு தனி ஆற்றல் பொதியின், ஆற்றலைச் சொல்கிறது. ஒரு கற்றையில் எத்தனை ஃபோட்டான்கள் வருகின்றன என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரு மூட்டையின் எடையைத் தெரிந்துகொண்டதாலேயே வண்டியில் ஏறியிருக்கும் பாரம் தெரிந்துவிடாது. ஒளிக்குப் பிறகு வருகிறேன். கையால் தொட்டு உணரக்கூடிய கயிற்றிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஜூன் 4

நீளமான கயிறு ஒன்றின் முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கை ஏறி இறங்கும் உயரத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் தோள் விரைவில் வலிக்கத் தொடங்கும். சிறு வயதில் நான் இதை விளையாட்டாகச் செய்திருக்கிறேன். பின்னர் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன காலத்தில், கணக்கைக் காட்டுவதற்கு முன் அவர்கள் கையில் கயிற்றைக் கொடுத்து இந்த வலியை உணரச் செய்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். மீட்டருக்கு 100 கிராம் நிறையுள்ள கயிற்றை 10 நியூட்டன் இழுவிசையில் பிடித்தால், அலை அதில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும். கையை நடுநிலையிலிருந்து 5 சென்டிமீட்டர் வீச்சில், விநாடிக்கு 2 முறை அசைத்தால், கயிற்றுக்குள் சராசரியாக 0.2 வாட் திறன் செல்கிறது. அதே வீச்சில் 4 முறை அசைத்தால் அது 0.8 வாட் ஆகிறது. அதிர்வெண் இரட்டித்தபோது திறன் நான்கு மடங்காகிறது. கயிற்றின் ஒவ்வொரு துணுக்கும் அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடக்க வேண்டியிருப்பதால் அதன் வேகம் இரட்டிக்கிறது. இயக்க ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

ஆகவே, கயிற்றைப் பொறுத்தவரை கேள்வி கேட்ட நண்பர் சொன்னதைவிடக் கூடுதலாகவே அதிர்வெண் வேலை செய்கிறது. ஆனால், எல்லா அலைக்கும் இது பொருந்தும் என்று அவர் முடிவு செய்துவிட வேண்டாம்.

ஜூன் 5, காலை

"கயிற்றலையில் ஆற்றல் எந்த இடத்தில் இருக்கிறது? முகட்டில்தானே?" என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், அப்படியே சொல்லியும் கொடுத்தேன். ஊசலைப் போல, முகட்டில் எல்லாம் நிலை ஆற்றலாகவும் நடுக்கோட்டில் எல்லாம் இயக்க ஆற்றலாகவும் மாறி மாறி இருக்கும் என்பது என் எண்ணமாக இருந்தது. ஒரு மாணவி படம் வரைந்து கேட்ட கேள்விதான் என்னைத் திருத்தியது. "முகட்டில் கயிறு எந்தப் பக்கமும் சாயவில்லையே, பிறகு எப்படி அங்கே அது நீண்டிருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. கயிற்றில் நிலை ஆற்றல் என்பது உயரத்தால் வருவதன்று, கயிறு நீள்வதால் வருவது. சாய்வு எங்கே அதிகமோ அங்கேதான் கயிறு அதிகம் நீள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அலையில் நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில்தான் சாய்வும் அதிகம், துணுக்கின் வேகமும் அதிகம். முகட்டிலும், அலையின் தாழ்ந்த இடமான அகட்டிலும் கயிறு ஒரு கணம் நிற்கிறது, சாய்வும் இல்லை. எனவே இரு வகை ஆற்றலும் ஒரே இடத்தில் ஒன்றாக உச்சம் அடைகின்றன, ஒரே இடத்தில் ஒன்றாகச் சுழியாகின்றன. ஒரு அலைநீளத்துக்குள் ஆற்றல் இரண்டு திரள்களாகப் பிரிந்து முன்னே ஓடுகிறது. கண்ணைக் கவரும் முகடு அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடம்.

ஊசலோடு ஒப்பிட்டது ஏன் பிழையாகிறது என்றால், ஊசல் தன் ஆற்றலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் மாற்றுகிறது. கயிற்றின் துணுக்கோ பின்னால் இருப்பதிடமிருந்து வாங்கி முன்னால் இருப்பதிடம் கொடுக்கிறது. அதன் கையிருப்பு நிலையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஜூன் 5, இரவு

நிலை அலைகளைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு சம அலைகள் சேர்ந்து உண்டாகும் நிலை அலையில் நிகர ஆற்றல் எந்தப் பக்கமும் செல்வதில்லை. கணு என்னும் புள்ளியில் கயிறு எப்போதும் அசையாது, அசைவு மிக அதிகமாக உள்ள எதிர்க்கணுவில் அது சாயாது. அசைவும் சாய்வும் இரண்டும் இருந்தால்தான் ஒரு துணுக்கு அடுத்ததன் மேல் வேலை செய்ய முடியும். ஆகவே கணுவுக்கும் எதிர்க்கணுவுக்கும் இடைப்பட்ட கால் அலைநீளத்துக்குள் ஆற்றல் போவதும் வருவதுமாக அடைபட்டிருக்கிறது. காலையில் நான் தள்ளிவிட்ட ஊசல் ஒப்பீடு இங்கே சரியாகப் பொருந்துகிறது.

ஜூன் 8

இப்போது நீர். கயிற்றில் பெற்ற பாடத்தை நீர் தலைகீழாக்குகிறது. இந்த இழையில் நான் மிகவும் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

ஆழ்கடலில் ஓடும் அலையின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குள் இருக்கும் ஆற்றலைக் கணக்கிட, கடல்நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், வீச்சின் வர்க்கம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் போதும். அதிர்வெண் எங்குமே வராது. 1 மீட்டர் வீச்சு, அதாவது அகட்டிலிருந்து முகடு வரை 2 மீட்டர் உயரம் உள்ள அலையில், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5,000 ஜூல் இருக்கிறது. அந்த அலை 5 விநாடிக்கு ஒருமுறை வந்தாலும், 10 விநாடிக்கு ஒருமுறை வந்தாலும் இந்த எண் மாறாது.

அப்படியானால் அதிர்வெண்ணுக்கு எந்த வேலையும் இல்லையா என்றால், உண்டு. அந்த ஆற்றல் எவ்வளவு விரைவாக முன்னே செல்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. ஆழமான நீரில் 10 விநாடி அலையின் முகடு விநாடிக்கு 15.6 மீட்டர் ஓடுகிறது. 5 விநாடி அலையின் முகடு 7.8 மீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் ஆற்றல் முகட்டோடு சேர்ந்து ஓடுவதில்லை, அலைக்கூட்டத்தோடு ஓடுகிறது. அந்தக் கூட்டத்தின் வேகம் முகட்டின் வேகத்தில் சரிபாதி. எனவே 2 மீட்டர் உயர அலையில், முகட்டின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும், 10 விநாடி அலை சுமார் 39 கிலோவாட் திறனைக் கொண்டுசெல்கிறது. 5 விநாடி அலை கொண்டுசெல்வது 20 கிலோவாட்தான். கயிற்றில் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கியபோது திறன் நான்கு மடங்கானது. கடலில் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் திறன் பாதியாகிறது.

முகடும் கூட்டமும் வேறுவேறு வேகத்தில் செல்வதை நம்ப மறுப்பவர்கள், அசையாத குளத்தில் சற்றுப் பெரிய கல்லைப் போட்டு, விரியும் வளையங்களில் ஏதேனும் ஒரு முகட்டை மட்டும் கண்ணால் பின்தொடர வேண்டும். நான் முதல்முறை முயன்றபோது முகடு அடிக்கடி தொலைந்துபோவதாகத் தோன்றியது, என் கண் தவறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண் தவறவில்லை. கூட்டத்தின் பின்புறத்தில் பிறக்கும் முகடு, கூட்டத்தை ஊடுருவி முன்னேறி, முன்விளிம்பை எட்டியதும் அடங்கி மறைகிறது. அதற்குள் பின்னால் புதிய முகடுகள் பிறந்துவிடுகின்றன.

ஜூன் 9, காலை

"நீர்த்துளியும் வேகமாக அசைந்தால்தானே அதிர்வெண் கூடும், பிறகு அந்த இயக்க ஆற்றல் எங்கே போனது?" என்ற மறுப்பு வந்திருக்கிறது. சிறந்த மறுப்பு. நேற்று எழுதியதில் இதை விளக்காமல் விட்டது குறைதான்.

ஒரே வீச்சுள்ள இரண்டு அலைகளில் அதிர்வெண் கூடிய அலையின் மேற்பரப்புத் துளி உண்மையிலேயே வேகமாகச் சுற்றுகிறது. கயிற்றில் கண்ட அதே வர்க்கம் இங்கும் இருக்கிறது. ஆனால் அந்த அலை கிளறிவிடும் நீர்ப்படலம் மெல்லியது. நீரின் அசைவு ஆழம் செல்லச் செல்ல விரைவாகத் தேய்கிறது, பாதி அலைநீள ஆழத்தில் மேற்பரப்பு வேகத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. அதிர்வெண் இரட்டித்தால் அலைநீளம் நான்கில் ஒரு பங்காகிறது. வேகத்தின் வர்க்கம் நான்கு மடங்கு, அசையும் நீரின் கனம் நான்கில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்றையொன்று துல்லியமாகச் சமன்செய்துவிடுகின்றன. நிலை ஆற்றலில் அதிர்வெண் வராததற்குக் காரணம் இன்னும் எளிது: நீரை உயர்த்திப் பிடித்திருப்பது ஈர்ப்புக்கு எதிரான வேலை, ஈர்ப்புக்கு உயரம் மட்டுமே கணக்கு.

ஜூன் 9, மாலை

 

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். "அலையில் ஆற்றல் மட்டுமே நகர்கிறது, நீர் நகர்வதில்லை" என்று பலரும் இங்கே எழுதுகிறார்கள். முதல் தோராயத்துக்கு அது சரி. ஆனால் துளி செல்லும் வட்டம் முழுமையாக மூடுவதில்லை. மேலே இருக்கும்போது முன்னோக்கிச் செல்லும் வேகம், கீழே இருக்கும்போது பின்னோக்கி வரும் வேகத்தைவிடச் சிறிது கூடுதல் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் துளி கொஞ்சம் முன்னே போய்விடுகிறது. ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1847-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மிதக்கும் குப்பை கரையை நோக்கி மெல்ல நகர்வதில் இதற்கும் பங்கு உண்டு.

ஜூன் 12

நீண்ட அலைகள் ஆற்றலை எவ்வளவு தூரம் காப்பாற்றி எடுத்துச் செல்லும் என்பதற்கு 1963-இல் கடலியலாளர் வால்டர் மங்க்கும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. தென்முனையைச் சூழ்ந்த கடலில் புயல்கள் எழுப்பிய அலைகளை அவர்கள் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாக நிறுவிய நிலையங்களில் அளந்து, பசிபிக் பெருங்கடல் முழுவதும் பின்தொடர்ந்தார்கள். நீண்ட அலைகள் முதலில் வந்தன, குறுகியவை பின்னர் வந்தன. ஜூன் 8 அன்று சொன்ன கூட்டத்தின் வேகம்தான் அந்த வரிசையைத் தீர்மானித்தது. வந்து சேர்ந்த நேரங்களின் இடைவெளியைக் கொண்டே புயல் எவ்வளவு தொலைவில் எழுந்தது என்று கணக்கிட முடிந்தது.

ஆழிப்பேரலை இந்தப் போக்கின் கடைக்கோடி. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் 2 மணி நேரத்துக்குப் பின், ஜேசன்-1 செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலின் நடுவே அந்த அலையை அளந்தபோது அதன் உயரம் 60 சென்டிமீட்டர் அளவிலேயே இருந்தது. கப்பலில் இருப்பவர் அதை உணரவே முடியாது. ஆனால் அதன் அலைநீளம் கடலின் ஆழத்தைவிடப் பன்மடங்கு பெரியது என்பதால், மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரை உள்ள நீர் முழுவதும் அசைகிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர். இங்கே முகட்டின் வேகமும் ஆற்றலின் வேகமும் ஒன்றே. அகட்டிலிருந்து முகடு வரை 60 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 90 கிலோவாட் வருகிறது. 2 மீட்டர் உயரத்தில் கண்முன் எழுந்து வரும் 10 விநாடி அலையின் திறனைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். கரையை நெருங்கும்போது ஆழம் குறைவதால் வேகம் குறைகிறது. அதே திறன் மெதுவாகச் செல்ல வேண்டியிருப்பதால் ஆற்றல் நெருக்கி அடைகிறது, உயரம் எழும்புகிறது.

ஜூன் 15

ஒலியைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, கேள்வியிலேயே ஒரு சொல் தெளிவில்லாமல் இருப்பது எனக்குப் புலப்பட்டது. வீச்சு என்கிறோம். எதன் வீச்சு?

காற்றுத் துகள் இடம் பெயரும் தூரத்தை வீச்சாக எடுத்தால், ஒலியின் செறிவு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே செல்லும் திறன், அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, கயிற்றைப் போலவே. காற்றழுத்தம் ஏறி இறங்கும் அளவை வீச்சாக எடுத்தாலோ, அதிர்வெண் சூத்திரத்திலிருந்து அப்படியே மறைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே ஒலியைப் பற்றிய உண்மைகள். ஒலிபெருக்கியின் முன்னட்டையை அகற்றிவிட்டுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். தாழ்சுரத்துக்கான அகன்ற கூம்பு முன்னும் பின்னும் துடிப்பதைப் பார்க்கலாம், விரலால் தொட்டும் உணரலாம். உச்சசுரத்துக்கான சிறு கூம்பு காதைத் துளைக்கும் அளவுக்கு ஒலித்தாலும் அசைவதாகவே தெரியாது.

செவிக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியின் செறிவு, 1,000 ஹெர்ட்ஸில், சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த ஒலியில் காற்று அசையும் வீச்சு ஓர் அணுவின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இந்த எண்ணை எத்தனை முறை கணக்கிட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. செறிவை மாற்றாமல் 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அந்த அசைவு பத்து மடங்காக வேண்டியிருக்கும்.

ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றல் மாறுவதும் எளிதன்று. காற்றிலிருந்து நீரின் மேல் நேராக விழும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளே செல்கிறது, மற்றதெல்லாம் திரும்பிவிடுகிறது. மீயொலிப் பரிசோதனைக்கு முன் தோலின் மேல் கூழ் தடவுவது இதனால்தான். கருவிக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலே போதும், ஒலி உடலுக்குள் போகாது.

ஜூன் 18

ஒளி. மின்காந்த அலையில் ஆற்றல் மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் சரிபாதியாக இருக்கிறது. அது எத்திசையில் எவ்வளவு செல்கிறது என்பதற்கான விதியை ஜான் ஹென்றி பாயின்டிங் 1884-இல் தந்தார். புவியின் காற்றுமண்டலத்துக்கு மேலே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,361 வாட் சூரிய ஒளி வருகிறது. அத்தனையும் ஒரே அதிர்வெண்ணில் வந்திருந்தால் அதன் மின்புல வீச்சு மீட்டருக்குச் சுமார் 1,000 வோல்ட்டாக இருந்திருக்கும், அது எந்த அதிர்வெண்ணாக இருந்தாலும். மின்புலத்தின் வீச்சு தெரிந்தால் செறிவு தெரிந்துவிடும், அதிர்வெண்ணைக் கேட்கவே வேண்டியதில்லை.

அப்படியானால் பிளாங்க் மாறிலி எங்கே நுழைகிறது? ஒளி ஆற்றலை ஒப்படைக்கும் இடத்தில். ஒரு வாட் பச்சை ஒளியும் 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு வாட் வானொலி அலையும் விநாடிக்கு ஒரே அளவு ஆற்றலைத்தான் கொண்டுவருகின்றன. ஆனால் பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டான், அந்த வானொலி அலையின் ஃபோட்டானைவிட 50 லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. அதனால் பச்சை ஒளி குறைந்த எண்ணிக்கையில் பெரிய தவணைகளாகக் கொடுக்கிறது, வானொலி அலை மிகப் பெரும் எண்ணிக்கையில் மிகச் சிறிய தவணைகளாகக் கொடுக்கிறது. உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஒரே தவணையில் குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும். அதனால்தான் மங்கலான புறஊதா ஒளி செய்யும் வேலையைப் பல உலோகங்களில் எவ்வளவு பிரகாசமான சிவப்பு ஒளியாலும் செய்ய முடிவதில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கம் இதுவே. தொடக்கக் கேள்வியில் கலந்துபோன இரண்டு விதிகளும் இங்கேதான் பிரிகின்றன.

ஜூன் 19

தொலைவு ஆற்றலைத் தின்றுவிடுமா என்று கேட்டவருக்கு: பரவுவது வேறு, தேய்வது வேறு. எல்லாத் திசையிலும் பரவும் அலையின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, மொத்த ஆற்றல் குறைவதில்லை. பரப்பின் மேல் மட்டும் பரவும் அலையில் செறிவு தொலைவுக்கு ஏற்பவே குறைகிறது. நிலநடுக்கத்தில் தரைப்பரப்பை ஒட்டி வரும் அலைகள் தொலைவிலும் வலுவாகப் பதிவாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கயிற்றில் பரவ இடமே இல்லை.

ஜூன் 23

கேள்வி கேட்ட நண்பர் கயிற்றை வைத்துத் தாமே முயன்று எழுதியிருக்கிறார். "வேகமாக அசைத்தபோது முதலில் கை கனத்தது, ஆனால் ஒரு சில அதிர்வெண்களில் திடீரென்று லேசாகிவிட்டது" என்கிறார். அவர் கண்டது உண்மை, குறை என் ஜூன் 4 குறிப்பில் இருக்கிறது. தூணில் கட்டிய கயிற்றில் அலை திரும்பி வரும். நான் தந்த 0.2, 0.8 வாட் என்ற எண்கள், திரும்பிய அலை கையை எட்டும் வரை மட்டுமே செல்லும். 6 மீட்டர் கயிறென்றால் அது ஒரு விநாடிக்குச் சற்று மேல். அதன் பிறகு கயிற்றில் நிலை அலை அமைந்துவிடுகிறது, உராய்வில் இழப்பதை மட்டும் கை ஈடுசெய்தால் போதும்.

அவருடைய அடுத்த கேள்வி இன்னும் நல்லது: "ஒரே உயரத்துக்கு அசைக்காமல், ஒரே விசையோடு அசைத்தால் என்ன ஆகும்?" திரும்பாத அலை என்று கொண்டால், 5 சென்டிமீட்டர் வீச்சில் விநாடிக்கு 2 முறை அசைக்கக் கை கொடுக்க வேண்டிய பக்கவாட்டு விசையின் உச்சம் ஏறத்தாழ 0.63 நியூட்டன். அதே விசையோடு விநாடிக்கு 4 முறை அசைத்தால் கயிறு 2.5 சென்டிமீட்டர்தான் எழும், திறன் அதே 0.2 வாட்டாகவே இருக்கும். கயிற்றில் விசையை வீச்சாக எடுப்பது ஒலியில் அழுத்தத்தை எடுப்பதற்கும் ஒளியில் மின்புலத்தை எடுப்பதற்கும் நிகரானது, மூன்றிலும் அதிர்வெண் விலகிக்கொள்கிறது. அவர் மறுபடி முயல்வதாக இருந்தால், கயிற்றின் மறுமுனையைத் தூணில் கட்டாமல், கடைசிப் பகுதியைத் தடிமனான துணிக்குவியலின் மேல் தளர்வாகப் படரவிடலாம். திரும்பி வரும் அலையில் பெரும்பகுதியைத் துணி விழுங்கிவிடும்.